மாஸ்டரின் வோக்மனைச் சாவடியில் திறந்த நாள்

நீங்கள் இப்போது பழுதுபார்க்கும் பாட்டுக் கருவிகளுக்குள் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. கேசட் போட்டுக் கேட்கும் எங்கள் காலத்து வோக்மனைத் திறந்தால் சக்கரம், பட்டி, மோட்டார், சுருள்வில் என்று உள்ளே ஒரு குட்டித் தொழிற்சாலையே இருக்கும். அதைப் பற்றி உங்களுக்கு விளக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த வேலை இனி உங்கள் மேசைக்கு வரப்போவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. ஒரு சாமானை நாம் மாற்றி அமைத்துக் கொடுக்கிறோம் என்றால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவர் யார், எந்த ரோட்டால் போகிறார், வழியில் யார் கண்ணில் அது படும் என்பதெல்லாம் நம் வேலையில் சேர்ந்தவை. கடைப் படியைத் தாண்டியதும் நம் பொறுப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவள்தான் நானும். ஒரு காலை நேரம் அந்த நினைப்பை மாற்றிவிட்டது.

கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் சில வருடம் வயர்களுக்கு ஈயம் ஒட்டும் வேலை பார்த்தேன். சிங்களம் பேசப் பழகியதும் அங்கேதான். தொழிற்சாலையை மூடியபோது ஹனீபா நானா தன் கடைக்குள் எனக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். கண்டி டவுனில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது கடை. முன்பக்கத்தில் அவர் கடிகாரமும் ரேடியோவும் விற்பார். பின்பக்கத்தில் நான் வோக்மன் பழுதுபார்ப்பேன். பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சிலர் சாமானைக் கொடுக்காமலே திரும்பிப் போவார்கள். எனக்குப் பழகிவிட்டது. நானாவுக்குத்தான் பொறுக்காது. "ஈயம் உருக ஆம்புள கைதான் வேணுமாமா?" என்று போகிறவர்களின் முதுகைப் பார்த்துச் சத்தம் போடுவார்.

அந்தக் கடைக்கு வந்தவர்தான் தயாபரன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியின் எல்லையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தார். பக்கத்து ஊரான கெலிஓயாவில் கல்யாணம் முடித்து அங்கேயே இருந்தார். இளம் வயதிலேயே இரண்டு கண்ணும் பார்வை போய்விட்டது. அவர் மதிப்பெண், அதாவது புள்ளி, போடுவதற்காகப் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளை முதலில் அவருடைய மனைவி வாசித்துக் காட்டினாராம். "அவ நல்ல மனுசி. பிள்ளையள் விட்ட பிழையை எல்லாம் திருத்தித் திருத்தி வாசிப்பா. வகுப்பு முழுக்க நூறுக்கு நூறு எடுத்தா நான் என்னத்தைப் படிப்பிக்கிறது?" என்று மாஸ்டர் அலுத்துக்கொள்வார். அதனால் குரல் பதிவுசெய்யக்கூடிய ஒரு வோக்மன் வாங்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் கட்டுரையைத் தானே வாசித்து அதில் பதிவுசெய்ய வைத்தார். அதை வீட்டில் கேட்டுப் புள்ளி போடுவார்.

அவர் முதல் நாள் என் மேசையில் வோக்மனை வைத்துச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"பிள்ளை, இதின்ர பெட்டரி ஒரு நாளும் தாக்குப்பிடிக்குதில்லை. பின்னேரம் ஆனா என்ர வகுப்புப் பிள்ளையள் எல்லாம் கிழவர் மாதிரிக் கதைக்கினம்."

"பெரிய பெட்டரி போட்டுத் தரலாம் சேர். ஆனா பாரமா இருக்கும்."

"பாரம் பரவாயில்லை. இன்னொண்டு. காலையில பெட்டரி புதுசா இருக்கேக்க, பிள்ளையள் ஆமை மாதிரி வாசிக்கினம். கொஞ்சம் விரட்டி ஓட வைக்க ஏலுமோ?"

எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துவிட்டது. தனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் வாடிக்கையாளர் பத்துப் பேருக்கு ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரத்தை வெளியே வைத்தேன். பொத்தான்களை விரலால் அடையாளம் காண ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரிக் கீறல் போட்டேன். டோர்ச் லைட்டுக்குப் போடுகிற பெரிய பெட்டரிகளைத் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றுக்குள் அடைத்து, வயர் இழுத்து வோக்மனில் செருகினேன். கண்டி மழைக்குத் தாங்க வேண்டுமே என்று குழாயை நுனி முதல் நுனி வரை கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். மாஸ்டர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது இனி என்னை விட நாள் இருக்கும்" என்றார். அடுத்த நாளில் இருந்து பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் குழாயின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனாராம்.

அப்போது நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கண்டிக்குள் வரும் ரோட்டுகளில் இராணுவத்தின், அதாவது ஆமியின், சோதனைச் சாவடிகள் இருந்தன. பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் மறுபடி பஸ்ஸில் ஏற வேண்டும். மாஸ்டரின் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அப்படி ஒரு சாவடி. அங்கே நின்ற ஆமிப் பையன்களுக்கு மாஸ்டரின் வெள்ளைப் பிரம்பு பழக்கம். அவரை இறங்கச் சொல்ல மாட்டார்கள். ஒருநாள் சாவடிக்குப் புதிய சார்ஜன்ட் ஒருவர் பொறுப்புக்கு வந்தார். அன்று எல்லாருமே இறங்க வேண்டியதாயிற்று.

நாங்கள் கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கெலிஓயா பஸ்ஸின் கண்டக்டர் ஓடி வந்தான்.

"அக்கா, மாஸ்டர சாவடியில புடிச்சு வச்சிட்டாங்க. பேக்குல குழாயும் வயரும் இருந்துச்சுன்னு பஸ்ஸயே காலி பண்ணிட்டாங்க. எங்கள எல்லாம் தூரத்துல நிக்க வச்சு, பெறகு போகச் சொல்லிட்டாங்க. அவர மட்டும் விடல."

"மாஸ்டர் என்ன சொன்னாரு?"

"யார் செஞ்சு குடுத்ததுன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. 'கடையில செய்விச்சனான்'னு மட்டும்தான் சொன்னாரு. எந்தக் கடை, யாருன்னு வாயே தொறக்கல. அந்தக் கொழாய நீங்க செஞ்சதுன்னு எங்க பஸ்ஸுல எல்லாருக்கும் தெரியும். நாங்களும் சொல்லல."

அவன் அதைச் சொன்னதும் தூக்கிய கதவைப் பாதியில் நிறுத்தினேன். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு ஒரு மனிதர், அவர் பையில் கறுப்பு டேப் சுற்றிய குழாய். அந்த நாட்களில் அதைப் பார்த்தால் வெடிகுண்டு என்றுதான் நினைப்பார்கள் என்று உங்களுக்கு உங்கள் அப்பா அம்மா சொல்லியிருப்பார்கள். அவர் என் பெயரைச் சொல்லாமல் இருந்தது என்னைக் காப்பாற்ற. நான் பேசாமல் மேசையில் போய் உட்கார்ந்தால் யாரும் என்னைத் தேடி வரப்போவதில்லை.

நானா என்னைப் பார்த்தார். "நீங்க அங்க போனா, செஞ்சது நீங்கதாண்டு ஆயிரும். அது விளங்குதா தங்கச்சி?"

"விளங்குது நானா. நான்தானே செஞ்சேன்."

 அவர் பாதி தூக்கிய கதவைக் கீழே இழுத்தார். "அப்ப நானும் வாரேன்."

நான் என் சாமான் பையைத் தூக்கினேன். மீட்டர், ஈயக்கோல், வயர்ச் சுருள் எல்லாம் அதற்குள். நானா அதைப் பிடித்து நிறுத்தினார். "இன்னும் வயரா கொண்டு போறீங்க?" அவர் சொன்னது சரி. பயத்தில் நம் கை பழகிய சாமானைத்தான் தேடும். அங்கே எனக்கு எதையும் பழுதுபார்க்கத் தேவையில்லை. அங்கே நிற்கிறவர்கள் நம்ப வேண்டும், அவ்வளவுதான். பையைக் கீழே வைத்தேன். ஒரு ஸ்குரூ டிரைவர், மாற்றம் செய்யாத அதே ரக வோக்மன் ஒன்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கர், என் அடையாள அட்டை. இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சாவடியில் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. மாஸ்டரைப் படங்குப் பந்தலுக்குக் கீழே ஒரு கதிரையில் உட்கார வைத்திருந்தார்கள். பிரம்பை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய பை தூரத்தில் வெறும் தரையில் தனியாகக் கிடந்தது. அதைச் சுற்றி மணல்மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள்.

சார்ஜன்ட் வயதானவர். கண் சிவந்திருந்தது. நான் சிங்களத்தில், "அதைச் செய்தது நான்தான் ஐயா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்தார்.

"அவ சொல்றது உண்மை. என்ட கடையிலதான் செஞ்ச" என்று நானா தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு நினைவு வந்து சிங்களத்தில் சொன்னார்.

என் குரலைக் கேட்டதும் மாஸ்டர் திரும்பினார். "பிள்ளை, நீங்கள் ஏன் வந்தனீங்கள்?" என்று கோபமாகக் கேட்டார். அவர் என்னோடு கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

சார்ஜன்ட் தன் முடிவைச் சொன்னார். வெடிகுண்டு செயலிழக்கச் செய்கிற ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பையைத் தொட மாட்டார்கள், அப்படியே வெடிக்க வைத்துவிடுவார்கள். மாஸ்டரை விசாரணைக்குக் கொண்டுபோக வேண்டும். நான் அதை மாஸ்டருக்குத் தமிழில் சொன்னேன். தன்னைக் கொண்டுபோவது பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. "என்ர பிள்ளையளின்ர கட்டுரை எல்லாம் அதுக்குள்ள கிடக்கு" என்றார்.

நான் கொண்டுபோன வோக்மனைச் சார்ஜன்ட்டின் கையில் கொடுத்தேன். அவரே திறந்து, மூடி, பொத்தானை அழுத்திப் பார்க்கட்டும் என்று விட்டேன். அவர் பார்த்து முடித்ததும் சொன்னேன்: "பைக்குள் இருப்பதும் இதுதான் ஐயா. குழாய்க்குள் டோர்ச் பெட்டரி. நான் சுற்றிய டேப்பை நானே பிரிக்கிறேன். நீங்கள் எல்லாரும் தூரத்தில் நில்லுங்கள்."

"நீ நினைக்காத ஒன்றை வேறு யாராவது அதற்குள் வைத்திருந்தால், நங்கி?"

நங்கி என்றால் தங்கச்சி. அவர் அப்படிக் கூப்பிட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"என் டேப்பை வேறு யாராவது பிரித்துச் சுற்றியிருந்தால் எனக்குக் கண்டவுடன் தெரியும். தெரிந்தால் தொடமாட்டேன்."

மாஸ்டர் எழுந்தார். "பிள்ளை தனியப் போகவேண்டாம். நானும் வாறன்." சார்ஜன்ட் தடுப்பார் என்று நினைத்தேன். அவர் போங்கள் என்று கையை அசைத்தார். மாஸ்டர் என் தோளில் கைவைத்துப் பின்னால் நடந்து வந்தார்.   

டேப்பின் நுனியை நான் எப்போதும் ஒரு பக்கமாக மடித்து ஒட்டுவேன். அது அப்படியே இருந்தது. பிரித்தேன். மூடியைக் கழற்றிக் குழாயைச் சரித்ததும் பெட்டரிகள் தரையில் உருண்டு போயின. அவ்வளவுதான். சார்ஜன்ட் நடந்து வந்து ஒன்றைப் பூட்ஸ் நுனியால் உருட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்து எடுத்தார். மற்றவர்களும் மெதுவாகக் கிட்ட வந்தார்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பெட்டரிகளைத் திரும்பப் போட்டு, ஸ்பீக்கரைச் செருகி, "நீங்களே அழுத்துங்கள்" என்று சார்ஜன்ட்டிடம் நீட்டினேன். அவர் அழுத்தினார். கீச்சு மூச்சென்று அணில்கள் சண்டை போடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வேகச் சக்கரம் கடைசி வரை திருகிக் கிடந்தது. ஆமிப் பையன் ஒருவன் சட்டென்று பின்னால் நகர்ந்தான். சார்ஜன்ட்டின் முகம் மாறிவிட்டது. "இது என்ன பாஷை? இரகசியச் செய்தியா?"

நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் மாஸ்டர் கையை நீட்டிச் சக்கரத்தைத் தேடிப் பிடித்துத் திருப்பினார். சத்தம் இறங்கி இறங்கி ஒரு சின்னப் பெண்ணின் குரலாக வந்து நின்றது. மாஸ்டர் கேசட்டைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, அவள் தொடங்கிய இடத்தில் விட்டார்.

"நான் தினமும் போகும் பாதை" என்றது குரல்.

"என்ன சொல்கிறாள்? ஒரு வார்த்தை விடாமல் சொல்லு" என்றார் சார்ஜன்ட்.

நான் சொல்லத் தொடங்கினேன். எங்கள் பாதையில் நிறைய மரம் உள்ளது. ஒரு வீட்டில் நாய் இருக்கிறது. மழை பெய்தால் பாதை வழுக்கும். ஒவ்வொரு வசனத்துக்கும் மாஸ்டர் நிறுத்துவார், நான் சிங்களத்தில் சொல்வேன். அப்போது குரல் சொன்னது: "பாதையில் ஆமிச் சாவடி உள்ளது. ஓர் ஆமி மாமா என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். ஒருநாள் அவர் என் ரொட்டியில் பாதியைச் சாப்பிட்டுவிட்டார்."

நான் நின்றுவிட்டேன்.

இந்தச் சாவடியையா சொல்கிறாள்? ரொட்டி தின்றவன் இங்கேதான் நிற்கிறானா? மாமா பெட்டியைப் பார்த்துச் சிரித்தார் என்று மாற்றிச் சொன்னால் என்ன? வாய் வரை வந்துவிட்டது. இங்கே யாருக்குத் தமிழ் விளங்கும், யாருக்கு விளங்காது என்று எனக்குத் தெரியாது. மாற்றிச் சொல்லி அகப்பட்டால் அதற்குப் பிறகு குழாய், பெட்டரி என்று நான் சொன்ன எதையுமே நம்பமாட்டார்கள்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினீங்கள்?"

"சேர், இதச் சொன்னா..."

"அவள் எழுதினதை மாத்த உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை. உள்ளபடி சொல்லுங்கோ."

சொன்னேன்.  சார்ஜன்ட் மெதுவாகத் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். "யார் அது?"  மாஸ்டர் பொத்தானை அழுத்தினார்.

"ரொட்டிக்குள் மிளகாய்ச் சம்பல் இருந்தது. மாமாவுக்கு உறைத்துவிட்டது. அவர் அழுதார். நான் என் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். எல்லாத் தண்ணீரையும் குடித்துவிட்டார்."

நான் அதைச் சொல்லி முடிக்கும்போதே ஓர் ஓரத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவன் பார்த்த பக்கம் எல்லாரும் பார்த்தோம். சத்தம் கேட்டுப் பயந்து விலகினானே, அந்தப் பையன். அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. காது வரை சிவந்து, "அன்றைக்குக் காலைச் சாப்பாடு வரவில்லை சேர்" என்றான். அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ரோட்டின் அந்தப் பக்கம் காத்திருந்த பஸ்ஸில் இருந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள். நானா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குரல் இன்னும் முடிக்கவில்லை. "இப்போது எனக்கு அந்த மாமாவைக் கண்டால் கொஞ்சம்தான் பயம். அவருடைய துவக்கைக் கண்டால் நிறையப் பயம்."

சிரிப்புக்கு நடுவில் அதை விட்டுவிட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அதையும் சொன்னேன். சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தப் பையன் தோளில் தொங்கிய துப்பாக்கியைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டான். 

சார்ஜன்ட் வெடிகுண்டு ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டு, வோக்மனை எடுத்து மாஸ்டரின் கையில் அவரே வைத்தார். என்னிடம் திரும்பி, "நங்கி, இதை உள்ளே தெரிகிற மாதிரி செய்து கொடு. நாளைக்கு இங்கே நான் இல்லாமல் வேறு ஒருவன் நிற்பான்" என்றார்.

என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான ஆலோசனை அது. சொன்னவருக்கு ஈயக்கோலை எப்படிப் பிடிப்பதென்றுகூடத் தெரிந்திருக்காது. அந்த வாரமே குழாயை எறிந்துவிட்டு, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி ஒன்றில் பெட்டரிகளைப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் கையால் மாற்றி அமைத்த எதையும் நான் மறைத்து மூடியதில்லை. எங்கே வயர் போகிறது, எதற்குப் போகிறது என்று ஒன்றும் தெரியாத ஒருவர் பார்த்தாலும் பயப்படாத மாதிரிதான் செய்தேன். நீங்களும் ஒன்றை மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்: இதை உருவாக்கிய நான் பக்கத்தில் இல்லாதபோது, இது தானாகத் தன்னைப் பற்றிச் சொல்லுமா? நான் போகாமல் இருந்திருந்தால் அந்தக் குழாய் மாஸ்டருக்காக ஒரு வார்த்தை பேசியிருக்காது.

ஆனால் அந்தக் காலையை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது சார்ஜன்ட் சொன்னதல்ல. எங்களைப் போகவிட்டதும் நானா கடையைத் திறக்க டவுனுக்கு பஸ் ஏறினார். நான் மாஸ்டரைப் பள்ளிக்கூடம் வரை கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான். ஏற்கெனவே மணி அடித்துவிட்டார்கள். நேரம் பிந்தியதில் அவருக்கு எரிச்சல். 

"சேர், அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளியும் குடுங்க" என்றேன்.

"ஏலாது. 'நிறைய மரம் உள்ளது' எண்டு வாசிச்சவள். 'மரங்கள் உள்ளன' எண்டல்லோ வரவேணும்? ஒரு புள்ளி குறைப்பன்."

"பாவம் சேர். அவதானே இன்னைக்கு நம்மள வெளிய எடுத்தா."

"அதுக்கும் இலக்கணத்துக்கும் என்ன சம்பந்தம்?"

 வாசலுக்கு வந்துவிட்டோம். உள்ளே ஏதோ ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பிரம்பால் படியைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏறாமல் நின்றார்.

"ஆளில கொஞ்சப் பயம், துவக்கில நிறையப் பயம் எண்டு சொன்னவள், என்ன?"

"ஆமா சேர்."

"ஆளை வேற, துவக்கை வேற எண்டு பிரிச்சுப் பாத்திருக்கிறாள். எனக்கு அது இந்த வயசிலயும் ஏலாமக் கிடக்கு, பிள்ளை." வோக்மன் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு படியில் கால் வைத்தார். "சரி. அந்த ஒரு புள்ளியைக் குடுப்பம்."